இருபத்தாறு மில்லிமீட்டர்

முஃபீதா காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுவதில்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பாள். கிருமி வளர்ந்த தட்டின் ஓரம் டியூப்லைட்டைவிடச் சாய்ந்து விழும் வெயிலில்தான் துல்லியமாகத் தெரியும். பத்தொன்பது வருடம் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவளாகத் தெரிந்துகொண்டது இது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் அவள் ஆய்வக உதவியாளர்.

வீடு மேலப்பாளையம். வாப்பா தறி நெய்தவர். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனார், மகள் பிறந்தாள், படிப்பு அங்கேயே நின்றது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடமே முஃபீதா பஸ் ஏறிப் போய் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து முடித்தாள். வேலைக்குச் சேர்ந்த மாதம் கணவர் போனில், "ஒனக்கு அங்கன என்ன வேல?" என்று கேட்டார்.

"கிருமிக்குச் சோறு போட்டு வளக்கது. வளந்த பொறவு மருந்து வைக்கது."

"நல்ல சோலிதான்" என்று அவர் சிரித்தார்.

வேலை உண்மையில் அதுதான். கிருமி வளர்வதற்கான அகார் கூழைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட வேண்டும். அதன் மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவ வேண்டும். மருந்து ஊறிய, நெற்றிப் பொட்டளவுக் காகித வட்டுகளை இடம் விட்டு வைத்து, ஒரு நாள் சூட்டுப் பெட்டிக்குள் விட்டால், பால் மேல் ஆடை படிந்த மாதிரி தட்டெங்கும் கிருமி படர்ந்திருக்கும். மருந்து கேட்கிற இடத்தில் மட்டும் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் ஒன்று விழும். அதன் குறுக்களவை அளந்து நோட்டில் எழுதுவது முஃபீதாவின் பொறுப்பு. வளையம் பெரிதாக இருந்தால் மருந்து கேட்கிறது. சிறுத்திருந்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது.

அவள் வேலைக்கு வந்த புதிதில் சிப்ரோ என்கிற மருந்துக்கு இருபத்தைந்து, இருபத்தேழு என்று வளையம் விழும். வருடம் ஆக ஆக அது இருபது ஆனது, பதினைந்து ஆனது. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கிருமிகளில் பாதிக்கு வளையமே இருப்பதில்லை. வட்டை ஒட்டிக்கொண்டே வளர்ந்து நிற்கும். யாரும் கேட்காததால் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டும்போது மட்டும் மனதுக்குள் ஏதோ குறைந்துகொண்டே போகிற மாதிரி இருக்கும்.

அந்தத் துறையில் உதவிப் பேராசிரியர் குருபிரசாத். அம்பாசமுத்திரத்துக்காரர், நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி முஃபீதாவுக்குப் பிடித்திருந்தது. புது மருந்து தேட வேண்டாம். கேட்காமல் போன பழைய மருந்தோடு ஒரு மூலிகைச் சாற்றைச் சேர்த்தால் அது மறுபடியும் கேட்குமா என்பதுதான் கேள்வி. கன்னடியன் கால்வாய்க் கரையில் பறித்து வந்த குப்பைமேனியை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனால் என்கிற ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு இறக்கினார். சாறு தனியாகப் பெரிதாக எதையும் கொல்லவில்லை. சிப்ரோ வட்டின் மேல் அந்தச் சாற்றை ஏற்றி வைத்துப் பார்ப்பதுதான் அடுத்த கட்டம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கல்லூரி மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கரண்டு வந்தும் போயும் பல கருவிகள் பாழாயின. ஜங்ஷன் பக்கம் மார்பளவு தண்ணீர். அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த முஃபீதாவின் தம்பி ஆரிப், முடிந்த மட்டும் சாமான்களைக் காப்பாற்றலாம் என்று தண்ணீருக்குள் இறங்கினான். எங்கோ கிடந்த தகரம் வலது பாதத்தைக் கிழித்தது. அவனுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. டாக்டர் தையல் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஊரெல்லாம் மோட்டார்கள் நனைந்து கிடந்த நேரம். ஆரிப்பின் கடை வாசலில் நாற்பது ஐம்பது மோட்டார்கள் வரிசையில் நின்றன. அவன் இரண்டு முறை கட்டு மாற்றப் போனான். அதன்பின் போகவில்லை.

ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை முஃபீதா ஜன்னலோரம் தட்டை எடுத்துப் பார்த்தாள். சிப்ரோ வட்டு மட்டும் வைத்த இடத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர். சிப்ரோவோடு குப்பைமேனிச் சாறு ஏற்றிய வட்டைச் சுற்றி இருபத்தாறு. அவள் மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் இருபத்தாறுதான். பழைய நோட்டுகளில் மட்டுமே அவள் பார்த்திருந்த எண் அது.

குருபிரசாத் வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அக்கா, இது போதும். கோயம்புத்தூர் கருத்தரங்குக்கு இதையே அனுப்பிருவோம்" என்றார். துறைத் தலைவர் சுகிர்தா மேடம் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார்.

முஃபீதாவின் வீடும் ஆரிப்பின் வீடும் ஒரே சுவர். சாயங்காலம் அவன் வீட்டில் தேநீர் குடிக்கும்போது அவளால் அடக்க முடியவில்லை.

"குப்பைமேனில என்ன இருக்கு லாத்தா?" என்று ஆரிப் கேட்டான்.

"மருந்து உள்ள போனா கிருமி சும்மா இருக்காதுல. ஒரு பம்பு மாதிரி வச்சு மருந்த வெளிய தள்ளிரும். அந்தப் பம்பத்தான் எலச்சாறு அடச்சிருதுன்னு குருபிரசாத் சார் நினைக்காரு. பம்பு நின்னா மருந்து உள்ளயே தங்கும். கிருமி செத்துரும்."

பம்பு என்றதும் ஆரிப் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கிருமியும் மோட்டார் போட்டு எறைக்குதா? அப்ப மாத்திரையோட எலையும் சேந்தா நல்லாக் கேக்கும்."

"தட்டுல பன்னெண்டு இருந்தது இருபத்தாறு ஆயிருக்கு" என்றாள் முஃபீதா. சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமை அவளுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் காலைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்டால், "ஆறிக்கிட்டு வருது" என்பான். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் அவன் மனைவி ஜன்னத் ஆய்வகத்துக்கே போன் செய்தாள். "மதினி, கொஞ்சம் வாங்களேன். அவுகளுக்குக் காய்ச்சல். கட்ட அவுக்க விட மாட்டேங்காவ."

முஃபீதா ஆட்டோ பிடித்துப் போனாள். அறைக்குள் கால் வைத்ததுமே வாடை அடித்தது. தினமும் கிருமியோடு பழகுகிறவளுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். உள்ளே அரைத்த பச்சிலை அப்பியிருந்தது. காய்ந்த இலைக்கு அடியில் ஈரம். அதைத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தபோது சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன.

"என்ன எலை இது?" என்று கேட்டாள். தெரிந்தே கேட்டாள்.

"குப்பைமேனி. கடைக்குப் பின்னாலயே கெடக்கு." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "மாத்திரைய நிறுத்தல லாத்தா. மாத்திரையும் போட்டேன், எலையும் வச்சேன். ரெண்டும் சேந்தாத்தான நல்லாக் கேக்கும்."

அவன் தின்ற மாத்திரை வேறு. அவன் காலில் இருந்த கிருமி எது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடித் தட்டில் சர்க்கரை நோய் கிடையாது, மண் கிடையாது, ரத்தம் ஓடாத விரல் கிடையாது. இதையெல்லாம் தேநீர் குடித்த அன்றைக்கு அவள் சொல்லவில்லை. இருபத்தாறு என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அன்றே சேர்த்தார்கள். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஊசி போட்டார்கள். இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பாதம் போயிருக்கும்" என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஜன்னத்திடம் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆரிப்புக்குக் காய்ச்சல் விட்டது. முஃபீதா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்கிட்ட அத சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

ஆரிப் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னான். "நீ சொன்னேன்னு செய்யல லாத்தா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கடைய அடைக்கணும். அத்தன மோட்டார் நிக்குது. போகாம இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீ சொன்னத எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

அவன் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த எண் அவளை விடவில்லை. ஒரு மனிதன் நம்பித் தன் காலை ஒப்படைத்த எண். அது சரிதானா?

நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், ஜனவரி மாதப் பதிவுகளை எடுத்து மேஜையில் பரப்பியது. குருபிரசாத்தின் நோட்டில் எல்லாம் எழுதியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாறு இல்லாமல் வெறும் மெத்தனால் ஏற்றிய வட்டு ஒன்றையும் வைத்திருந்தார். அதைச் சுற்றி வளையம் விழவில்லை. ஆகவே கொன்றது மெத்தனால் அல்ல, சாறுதான் என்பது முடிவு. முறையாகத்தான் இருந்தது. அந்த வெறும் வட்டு தயாரித்த தேதி பதினொன்று. சாறு ஏற்றிய வட்டு தயாரித்த தேதி பதினாறு.

வட்டுகளில் எதை ஏற்றினாலும் ஓவனில் வைத்து நன்றாக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தங்கிப்போன மெத்தனாலே கிருமியைக் கொன்றுவிடும். ஓவன் பதிவேடு முஃபீதாவின் கையெழுத்தில் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கரண்டு ஏறி இறங்கியதில் சூடேற்றும் காயில் எரிந்து, பதின்மூன்றாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை ஓவன் ரிப்பேரில் இருந்தது என்று அவளே எழுதி வைத்திருந்தாள்.

அப்படியானால் சாறு ஏற்றிய வட்டுகள் எதில் உலர்ந்தன?

பதினாறாம் தேதி அந்தத் தட்டுகளைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தது அவள்தான். அப்போது லேசாக ஸ்பிரிட் வாசனை வந்ததும், மேஜை துடைத்த வாசனை என்று தான் நினைத்துக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. அதே கிருமியை எடுத்து மூன்று தட்டுகளில் தடவினாள். ஒன்றில் மெத்தனாலில் நனைத்து உலராத வெறும் வட்டு. இன்னொன்றில் மெத்தனால் மட்டும் ஏற்றி உலராத சிப்ரோ வட்டு. மூன்றாவதில் சாறு ஏற்றி ஓவனில் முழுக்க உலர்த்திய சிப்ரோ வட்டு. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தாள். வெறும் வட்டுக்குப் பத்து. உலராத சிப்ரோ வட்டுக்கு இருபத்தொன்று. அதில் சாறு ஒரு துளிகூட இல்லை. முழுக்க உலர்ந்த மூன்றாவது வட்டுக்குப் பதினேழு.

குருபிரசாத் பத்து மணிக்கு வந்தார். அவள் தட்டுகளையும் இரண்டு பதிவேடுகளையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் நின்றபடியே பார்த்தார்.

"ஒங்கள யாரு இதப் போடச் சொன்னா?" குரல் உயரவில்லை, ஆனால் அக்கா என்ற சொல் அதில் இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்."

"கோயம்புத்தூருக்கு அனுப்பியாச்சு. மேடம் மேனேஜ்மென்ட் வரைக்கும் சொல்லியாச்சு. இப்ப போயி..."

"தெரியும் சார். இருபத்தாறுன்னு அளந்து எழுதுனவ நான்தான். அந்தக் கையெழுத்து என்னோடது."

அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபேன்ல வச்சேன்" என்றார் கடைசியில். "அரை மணி நேரம். தொட்டுப் பாத்தேன். காஞ்ச மாதிரிதான் இருந்தது." பிறகு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க அவர் ஆய்வகப் பக்கம் வரவில்லை. முஃபீதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு வாத்தியார் அவளோடு பேசாமல் போனது அதுவே முதல் தடவை. நிரந்தர வேலையும் இல்லை அவளுக்கு; வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஆனாலும் செய்தது தப்பு என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே குருபிரசாத் ஆய்வகத்தில் இருந்தார். சவரம் செய்யாத முகம். "அக்கா, வாங்க. மேடத்தப் பாத்துட்டு வந்துருவோம். நானே சொல்லுதேன். பதிவேட்ட மட்டும் நீங்க எடுத்துக்கிடுங்க."

சுகிர்தா மேடம் முழுக்கக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "கோயம்புத்தூருக்கு நான் மெயில் போட்டு வாபஸ் வாங்கிடுறேன்" என்றார். பிறகு முஃபீதாவைப் பார்த்து, "உலர்த்தினதுல பதினேழு வந்ததுன்னு சொன்னீங்கல்ல?" என்றார்.

"ஆமா மேடம்."

"பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் நடுவுல அஞ்சு இருக்கே. அது நிக்குதான்னு பாருங்க. பல கிருமியில, பல தடவை. ஓவன் ஒழுங்கா இருக்கும்போது."

நான்கு மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு நோயாளிகளின் கிருமிகளை முறைப்படி அனுமதி வாங்கிப் பெற்றார்கள். பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் உலர்ந்த வெறும் வட்டோடு சேர்த்து. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தனக்குச் சொல்ல வேண்டாம் என முஃபீதா கேட்டுக்கொண்டாள். தெரிந்தால் கண் ஆசைப்பட்டு ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்துவிடும் என்று அவளுக்குப் பயம். குருபிரசாத் தட்டின் அடியில் எழுதிக் காகிதம் ஒட்டி மறைத்துக் கொடுப்பார். அவள் அளந்து சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். மே மாதப் புழுக்கத்தில், மின்விசிறி போட்டால் கிருமி பறக்கும் என்று நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். பழைய பேச்சு பைய திரும்பி வந்தது.

முடிவு இதுதான். பன்னிரண்டு கிருமிகளில் நான்கில், சாறு சேர்ந்தபோது சிப்ரோவின் வளையம் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் வரை கூடியது. ஒவ்வொரு தடவையும் அது மாறாமல் வந்தது. மற்ற எட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தாறு எங்குமே வரவில்லை.

கட்டுரை அடுத்த வருடம் ஒரு சிறிய ஆய்விதழில் வெளியானது. உலராத வட்டு எப்படி ஏமாற்றும் என்பதற்கு அதில் ஒரு பத்தி தனியாக இருந்தது. அந்தப் பத்தியை எழுதியது குருபிரசாத். ஆசிரியர்கள் பட்டியலில் சுகிர்தா மேடம் முஃபீதாவின் பெயரையும் சேர்த்திருந்தார். ஆய்விதழ்க்காரர்கள் எழுத்துப் பிழையோடு 'முபீடா' என்று படிக்கும்படி அச்சிட்டுவிட்டார்கள். திருத்தச் சொல்லி எழுதலாம் என்றார் குருபிரசாத். "என் புள்ளைக்கு நான்தான்னு தெரியும் சார், போதும்" என்றாள். அவர் அதைக் கேட்காமல் எழுதித் திருத்த வைத்தார்.

ஆரிப் இப்போது முன்பக்கம் மெத்தென்று தைத்த தனிச் செருப்பு போட்டு நடக்கிறான். நடை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. அது கால் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம். கட்டுரை வந்த வாரம் முஃபீதா அவன் கடைக்குப் போயிருந்தாள். அவன் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பன்னெண்டுல என் கால்ல இருந்ததும் உண்டா?" என்று கேட்டான்.

எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் எடுத்த தேதியும் கால் புண் என்ற குறிப்பும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. கேட்கிறவன் அதற்குச் சொந்தக்காரன்.

"உண்டு."

"நாலுலயா, எட்டுலயா?"

"எட்டுல. ஒன் கிருமிக்கு அந்தச் சாறு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டல."

ஆரிப் கம்பியைப் பிடித்த கையை நிறுத்தினான். "அப்ப நான் எவ்வளவு அரைச்சு வச்சாலும் ஒண்ணும் நடந்திருக்காது."

"நடந்திருக்காது."

"இத நீ முன்னாலயே தெரிஞ்சு வச்சிருந்தும் சொல்லல."

"நீ கேக்கலயே" என்றாள் முஃபீதா. "நானா வந்து சொல்லுத பழக்கத்த விட்டுட்டேன்."

அவன் தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு தேநீர் சொன்னான்.

அந்த நான்கு கிருமிகளில் சாறு உண்மையில் என்ன செய்கிறது, அதே அளவு சாறு மனித உயிரணுக்களைக் கெடுக்காமல் இருக்குமா என்பதைத்தான் இப்போது குருபிரசாத் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அதற்கு உயிரணு வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். சென்னையில் பத்து நாள் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது சுகிர்தா மேடம் முஃபீதாவின் பெயரைச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் அவள் முதல் தடவையாகத் தனியாக நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினாள். உயிரணு கிருமியைப் போல் இல்லை, ஒரு தூசி பட்டாலும் செத்துவிடும் என்று அங்கே சொன்னார்கள். முதல் இரண்டு தட்டுகள் அவளுக்குக் கெட்டுப்போயின. மூன்றாவது தட்டில் எட்டாம் நாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிரணுக்கள் நீண்ட கால்களை ஊன்றித் தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. இத்தனை வருடமாகக் கொல்லப்படுவதை மட்டுமே அளந்த முஃபீதா, உயிரோடிருக்கிற அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினாள்.